சென்ட்ரலும் பூங்காவும்



இருப்புப்பாதைத் துறையினர் நமக்கு அளித்த சொற்களுள் ‘சந்திப்பு’ என்பது அழகிய ஒன்று. ‘ஜங்ஷன்’ என்று ஆங்கிலத்தில் வழங்குவதை அவ்வாறு தமிழாக்கி, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் எழுதி வைத்தனர். விழுப்புரம் சந்திப்பு, காட்பாடி சந்திப்பு, திருச்சிராப்பள்ளி சந்திப்பு என்று சன்னலோரம் அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் பழகிய பிள்ளைகள் நம் நாட்டில் பலர். பாதைகள் எங்கே கூடுகின்றனவோ அங்கே அச்சொல் நிற்கும். ஆயின், நாள்தோறும் பெருந்திரளான மக்கள் ஒரு வண்டியை விட்டு மற்றொரு வண்டிக்கு மாறும் சென்னை சென்ட்ரலின் பெயரில் அச்சொல் இல்லை. இல்லாததும் முறையே. அங்கே தண்டவாளங்கள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. வந்து முட்டி முடிந்துவிடுகின்றன. அவற்றைச் சந்திக்கச் செய்பவர் பிரயாணிகளே. இறங்கி, மூட்டையைத் தோளில் ஏற்றி, குழந்தையை இடுப்பில் வைத்து, முன்னே கிடக்கும் பெருஞ்சாலையைக் கடந்து, அப்பால் உள்ள பூங்கா நிலையத்துக்குச் சென்று அடுத்த வண்டியைப் பிடிக்கின்றனர். இன்று யான் பேச எடுத்துக்கொண்டது அச்சாலையின் அகலத்தைப் பற்றியும், அதன் இருமருங்கிலும் வளர்ந்த ஊரைப் பற்றியும் ஆகும்.

இவ்வளவு பெரிய நகரில் வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிக்கு ஒரு நிலையமும், தெற்கு நோக்கிச் செல்லும் வண்டிக்கு வேறொரு நிலையமும் ஏன் அமைந்தன என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. பெரியவர்கள் கேட்பதில்லை, பழகிவிட்டோம். விடை எளியது. இரண்டையும் கட்டியவை இரண்டு வெவ்வேறு கம்பெனிகள். சென்னை ரயில்வே கம்பெனி 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரையில் தன் முதல் வண்டியை ஓட்டிற்று. அதன் பாதை அகலப் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்தரை அடி. அக்கம்பெனிக்கு நகரின் நடுவே ஒரு நிலையம் வேண்டியிருந்தது. ஜார்ஜ் ஹார்டிங் என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி 1873-இல் சென்ட்ரல் எழுந்தது. பின்னர் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் அதன் தோற்றத்தில் சில மாறுதல்கள் செய்தார். இன்று நாம் காணும் செந்நிறமும் மணிக்கூண்டும் உடைய வடிவம் அவ்வாறு அமைந்தது.

தெற்கே பாதை அமைத்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அவர்களுடையது மீட்டர் பாதை. ஒரு கம்பெனியின் வண்டி மற்றதன் பாதையில் ஓட இயலாது. எழும்பூர் நிலையம் 1908-இல் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் என்பார் வரைந்த கட்டடம் அது. எடுத்துக் கட்டியவர் பெங்களூர் சாமிநாத பிள்ளை. இரண்டு நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவு இருக்கும். திருநெல்வேலியிலிருந்து கல்கத்தா செல்லும் ஒருவர் எழும்பூரில் இறங்கி இந்தச் சிறு தொலைவைத் தம் சொந்தப் பொறுப்பில் கடக்க வேண்டும். ஆயிரம் மைலுக்குக் கம்பெனிகள் பொறுப்பு. அந்த ஒன்றேகால் மைலுக்குக் குதிரைவண்டிக்காரர் பொறுப்பு. பின்னாளில் கைரிக்ஷாக்காரர் பொறுப்பு. அதற்கும் பின்னாளில் ஆட்டோக்காரர் பொறுப்பு. இம்மூவகையாரும் வெளியூராரின் முகத்தைப் பார்த்தே வாடகை நிர்ணயிக்க வல்லவர்கள் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடலாயின. கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று அவ்வழியில் நிலையங்கள் அமைந்தன. பூங்கா நிலையம் சென்ட்ரலுக்கு நேர் எதிரே உள்ளது. ஆகவே, சென்ட்ரலில் இறங்கியவர் சாலையைக் கடந்து பூங்காவில் ஏறினால், அடுத்த நிறுத்தமே எழும்பூர். காகிதத்தில் பார்த்தால் சிக்கல் தீர்ந்துவிட்டது. எஞ்சியது ஒரு சாலைதான். அந்தச் சாலை பூந்தமல்லி நெடுஞ்சாலை; இன்றைய பெயர் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை. இரண்டு இருப்புப்பாதைகளை மின்சாரத்தால் இயக்கத் தெரிந்த அறிவு, ஒரு சாலையின் இரு கரைகளை இணைக்க எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதைப் பின்னர்ச் சொல்வேன். அதற்கு முன் அக்கரைகளில் என்ன இருந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று.

புதிதாக வருவோரை மயக்கும் ஒரு வேடிக்கை அவ்வட்டாரத்துக்கு உண்டு. அங்குள்ள பெயர்களிற் பல, இப்பொழுது இல்லாத பொருள்களின் பெயர்கள். ‘பூங்கா’ என்று ஒரு நிலையம் உள்ளதே, பூங்கா எங்கே என்று ஒரு மாணவன் கேட்டான். 1859, 1860 ஆண்டுகளில் இங்கே கவர்னராக இருந்த டிரெவெல்யன், நகர மக்களுக்காக நூறு ஏக்கருக்கும் மிகுந்த பரப்பில் ஒரு பெருந்தோட்டம் அமைக்க முற்பட்டார். மக்கள் பூங்கா என்பது அதன் பெயர். குளங்களும் நடைபாதைகளும் அதில் இருந்தன. விலங்குக் காட்சிசாலையும் பல்லாண்டுகள் அங்கேயே இருந்து, 1985-இல் வண்டலூருக்குச் சென்றது. நகராட்சி மாளிகை ஒன்று வேண்டும் என்றபோது பூங்காவில் ஒரு துண்டு போயிற்று. மண்டபம் வேண்டும் என்றபோது ஒரு துண்டு. அங்காடிக்கு ஒரு துண்டு. விளையாட்டரங்கத்துக்கு ஒரு துண்டு. எஞ்சியிருப்பது சிறிதே. ஆனால் பெயர் மட்டும் இரண்டாகப் பெருகிவிட்டது. மின்ரயில் நிற்கும் இடம் ‘பூங்கா’. பறக்கும் இரயில் நிற்கும் இடம் ‘பூங்கா நகர்’. இரண்டும் வெவ்வேறு நிலையங்கள். வெளியூரிலிருந்து வரும் ஒருவர் இவற்றைக் குழப்பிக்கொள்வாராயின் குறை அவர்மீது அன்று.

‘வால்டாக்ஸ் ரோடு’ என்பதும் அத்தகையதே. சென்ட்ரலின் கிழக்குப் பக்கத்தை ஒட்டி வடக்கே செல்லும் சாலை அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐதர் அலியின் குதிரைப்படை நகரின் வாசல் வரை வந்து போனபின், கறுப்பர் நகரம் என்று அந்நாளில் வழங்கிய பகுதியைச் சுற்றி மதில் எழுப்பினர். மதிற்செலவை ஈடுகட்ட ஒரு வரி விதிக்கக் கருதினர். அந்த வரி வசூலானதேயில்லை என்பர் நகர வரலாறு எழுதியோர். மதிலும் பிற்காலத்தில் இடிக்கப்பட்டு, வடக்கே மாடிப் பூங்கா என்னும் இடத்தில் ஒரு துண்டு மட்டும் எஞ்சியுள்ளது. மதில் போயிற்று, வரி பிறக்கவே இல்லை. இரண்டின் பெயரையும் சுமந்துகொண்டு ஒரு சாலை கிடக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அருகிலுள்ள சரக்கு நிலையத்தை ‘சால்ட் கொட்டார்ஸ்’ என்பர். ஏதோ ஆங்கிலச் சொல் என்று பலர் எண்ணுவர். கொட்டாரம் என்னும் நம் சொல்தான் அது. களஞ்சியம் என்று பொருள். உப்புக் கொட்டாரங்கள் அங்கிருந்தன. நிலையத்தை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில் அந்நாளில் படகுகள் வந்தன; உப்பும் விறகும் இறங்கின. இன்று அக்கால்வாயைப் பார்ப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைவர். ஆயினும், இரயில் வருமுன்னரே நீர்வழியும் நிலவழியும் மாறும் துறையாக அவ்விடம் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

இனி, பெயர் பிழைத்து பொருள் எரிந்துபோன மூன்றாவது இடம். மூர் மார்க்கெட். நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் என்பவர் பெயரால் 1900-இல் திறக்கப்பட்ட அங்காடி அது. செங்கல் நிறத்தில் நாற்சதுரமாக, நடுவே முற்றம் விட்டு, சுற்றிலும் கடைகளோடு அமைந்திருந்தது. பாத்திரம், பொம்மை, கூண்டுப் பறவை, இசைத்தட்டு, கடிகாரம் எல்லாம் அங்கே கிடைக்கும். என் போன்றோருக்கு அது பழம்புத்தகக் கடல். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த நான், மாதக் கடைசியில் எஞ்சும் சில்லறையோடு அங்கே செல்வேன். கடைக்காரர்கள் நூலின் விலையைச் சொல்லுமுன் வாங்க வந்தவனின் காலணியைப் பார்ப்பர். என் காலணி எனக்குப் பெரிதும் உதவிற்று. ஒரு பழைய நிலப்பட நூலை அங்கே ஐந்து ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையும் இல்லை, ஆஸ்திரேலியாவும் இல்லை. மற்றக் கண்டங்கள் நன்றாயிருந்தன. பல ஆண்டுகள் அதை வைத்தே பாடம் நடத்தினேன். ஆஸ்திரேலியா வந்தபோது கரும்பலகையில் நானே வரைந்தேன்.

1985-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் அவ்வங்காடி தீக்கிரையாயிற்று. கடைக்காரர்களுக்கு அருகே அல்லிக்குளத்தில் வேறு கட்டடம் தந்தனர். புத்தகக் கடைகள் சில இன்றும் அங்கே உள்ளன. அங்காடி நின்ற நிலத்தில் ரயில்வேயார் பல அடுக்கு மாளிகை எழுப்பினர். அரக்கோணம், திருத்தணி மார்க்கமாகவும் கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை மார்க்கமாகவும் செல்லும் புறநகர் வண்டிகள் அம்மாளிகையின் பின்னிருந்து புறப்படுகின்றன. அதற்கு ‘மூர் மார்க்கெட் வளாகம்’ என்றே பெயர். அறிவிப்பில் அப்பெயரைக் கேட்டு, ‘மார்க்கெட் எந்தப் பக்கம்?’ என்று வினவும் இளைஞர்களை நான் கண்டதுண்டு. எரிந்தது எரிந்தது, அதைப் பற்றிப் புலம்புவது என் நோக்கமன்று. அங்கே பழம்புத்தகம் தேடியவரைக் காட்டிலும், இப்பொழுது அவ்விடத்தில் இறங்கி வேலைக்குச் செல்வோர் எத்தனையோ மடங்கு மிகுதி. நகரத்தின் தேவை அவ்வாறு மாறிற்று.

சென்ட்ரலின் மேற்கே விக்டோரியா மண்டபமும், 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகையும் வெண்மையும் செம்மையுமாக நிற்கின்றன. கிழக்கே கருங்கல்லால் ஆன தென்னக ரயில்வேத் தலைமையகம், 1922-இல் முடிந்தது. இவற்றின் படங்கள் எல்லா நாட்காட்டியிலும் உள்ளன. ஆகவே விரைந்து கடந்து செல்கிறேன். கட்டடங்களைவிட அவற்றின் பின்னே உள்ள தெருக்களே எனக்குச் சுவையானவை. வால்டாக்ஸ் சாலையைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் பூங்கா நகரும் சௌகார்பேட்டையும். இராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம். இராமலிங்க அடிகள் இளமையில் வழிபட்டுத் தெய்வமணிமாலை பாடிய கோயில் அதுவே. அதற்கு அப்பால், இராசத்தானத்திலிருந்தும் குசராத்திலிருந்தும் வந்து பல தலைமுறையாக வாணிகம் செய்யும் மக்கள் வாழும் வீதிகள். நெடுந்தொலைவு வண்டியில் வந்திறங்கும் வணிகர் நடந்தே தம் உறவினர் கடையை அடையலாம். ஒரு நிலையம் எந்த ஊர்களோடு பிணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஊர்களின் மொழியும் உணவும் அதன் வாசலில் வந்து குடியேறிவிடும். அங்குள்ள தெருக்களில் காலையில் சோளப்பொரி அளவுக்குச் சிறிய கச்சோரி பொரிவதையும், இரண்டு தெரு தள்ளி இட்டலி ஆவி பறப்பதையும் காணலாம். பூகோள பாடத்தை மூக்கால் கற்பிக்க ஏற்ற இடம்.

இப்பொழுது சாலையின் தென்கரைக்கு வருவோம். அங்கே பூங்கா நிலையத்தை ஒட்டி அரசு பொது மருத்துவமனை உள்ளது. 1664-இல் கோட்டைக்குள் சிறிய அளவில் தொடங்கி, 1772-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. நேயர்கள் அந்த ஆண்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் கட்டப்படுமுன் நூறாண்டுகளாக மருத்துவமனை அங்கே இருந்திருக்கிறது. 1835-இல் மருத்துவக் கல்லூரியும் அருகிலேயே அமைந்தது. ஆகவே, நிலையம் அமைந்த நாள்தொட்டு அதன் வாசலில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் வாணிகரும் அல்லர், உத்தியோகத்தரும் அல்லர், நோயாளிகள். ஊர் வைத்தியர் கைவிட்டபின், தாலுகா மருத்துவமனை சீட்டெழுதிக் கொடுத்தபின், விடியற்காலை வண்டியேறி வருபவர்கள். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் பழைய மருந்துச் சீட்டுகள், ஒரு செம்பு, ஒரு போர்வை. உடன் ஒருவர் வருவார். அவர் அன்றையக் கூலியை இழந்து வந்தவர். ‘பெரியாஸ்பத்திரி’ என்பதே அவர்கள் அதற்கு இட்ட பெயர். 2011-இல் இராசீவ் காந்தி பெயர் சூட்டப்பட்ட பின்னரும் அவர்களுக்கு அது பெரியாஸ்பத்திரிதான்.

திருவள்ளூரிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ வரும் நோயாளிக்கு மிகக் கடினமான வழி எது? நாற்பது மைல் இரயில் பயணம் அன்று. அதில் எப்படியேனும் ஓர் இடம் கிடைத்துவிடும்; முதியவர் என்றால் எழுந்து இடம் தரும் நல்லோர் இன்னும் இருக்கின்றனர். மூர் மார்க்கெட் வளாகத்தின் வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை உள்ள சில நூறு அடிகளே கடினம். கண்ணுக்கு எதிரே மருத்துவமனை தெரியும். நடுவே பேருந்துகள், ஆட்டோக்கள், வேலி. தெரிவதை அடைய முடியாமல் நிற்பது தெரியாமல் இருப்பதைக் காட்டிலும் துன்பம்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி அம்மார்க்கத்தில் உள்ளதே. பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், மெட்ரோ வேலைக்காக அச்சாலை தோண்டப்பட்டுத் தகரத் தடுப்புகள் நின்ற காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். கோட்டையையும் அருங்காட்சியகத்தையும் பார்ப்பதே திட்டம். வழியில் ஒரு பயிற்சி கொடுத்தேன். புறநகர் வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து எதிர்க்கரையை அடையும்வரை எத்தனை அடி நடந்தீர்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். அளவையும் சராசரியும் கற்பிப்பதற்கு அது நல்ல வழி என்பது என் எண்ணம். நாற்பது பிள்ளைகளும் நாற்பது எண்ணிக்கை கொண்டுவந்தனர். உயரமான பையனின் கணக்கு குறைவு, குட்டையானவளின் கணக்கு மிகுதி. எதிர்பார்த்ததுதான்.

ஒரு சிறுமியின் குறிப்பேட்டில் மட்டும் அடிக்கணக்கு இல்லை. கீழிறங்கும் படிகள் இத்தனை, மேலேறும் படிகள் இத்தனை, கைப்பிடி இல்லாத இடம் இத்தனை, உட்காரத் திண்ணை இல்லை என்று நான்கு வரி எழுதியிருந்தாள். ஏனம்மா, நான் கேட்டது அடிகளை அல்லவா என்றேன். ‘எங்க ஆயாவை மாசாமாசம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வருவோம் ஐயா. எவ்வளவு தூரம்னு ஆயா கேட்காது. படி இருக்கான்னுதான் கேட்கும்’ என்றாள். அன்று மாலை வண்டியில் திரும்புகையில் மற்றப் பிள்ளைகளையும் அவ்வாறே மறுபடி எண்ணச் சொன்னேன். வகுப்பில் ஒரு பெரிய தாளில் வரைபடமாக அதனைத் தீட்டினோம். படிகள் சிவப்பு மையில், சமதளம் பச்சையில். பச்சையைக் காட்டிலும் சிவப்பே தாளை நிறைத்திருந்தது.

பொறியாளர்கள் மாறுநிலையத்தை நிமிடக் கணக்கில் அளக்கின்றனர். ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற இத்தனை நிமிடம் என்பது அவர்கள் சூத்திரம். அக்கணக்கு நடக்க வல்லவனின் கணக்கு. அலுவலகம் செல்லும் இளைஞன் படிகளை மூன்று மூன்றாகத் தாண்டிச் செல்வான். அவனுக்கு எந்த நிலையமும் நல்ல நிலையமே. சென்ட்ரல் போன்ற இடத்தில், மருத்துவமனையை எதிரே வைத்துக்கொண்டு, அவனை வைத்து அளத்தல் தகாது. அச்சிறுமியின் ஆயாவை வைத்தே அளத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

அளவுகோலை மாற்றிவைத்து, அண்மைக் கால மாறுதல்களைப் பார்ப்போம். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் திருமயிலை வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் பறக்கும் இரயில் சென்றது. பூங்கா நகர் நிலையம் அவ்வழியில் வந்தது. தெற்கே செல்லும் மீட்டர் பாதை முற்றும் அகலப் பாதையாக மாறி, 2004-இல் புறநகரின் கடைசி மீட்டர் பாதை வண்டியும் நின்றது. கம்பெனிகள் இரண்டாயிருந்த காரணம் போய்விட்டது. பாதை அகலம் இரண்டாயிருந்த காரணமும் போய்விட்டது. நிலையங்கள் மட்டும் பிரிந்தே இருந்தன. பழைய வீட்டைப் பங்கு பிரித்த அண்ணன் தம்பிகள் சமாதானமான பின்னும் நடுச்சுவர் நிற்பதுபோல.

அச்சுவரில் வாசல் வைத்தது மெட்ரோ. 2018-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் நேரு பூங்காவிலிருந்து எழும்பூர் வழியாகச் சென்ட்ரலுக்கு நிலத்தடியில் வண்டி வந்தது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டைப் பக்கம் செல்லும் மற்றொரு தடமும் அங்கே சேர்ந்தது. இரண்டு தடங்களும் நிலத்துக்குள்ளே வெவ்வேறு ஆழத்தில் ஓடுகின்றன. நகரும் படியில் இறங்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். எழும்பூர் நிலையம் திறந்த 1908-க்கும் இந்த 2018-க்கும் இடையே 110 ஆண்டுகள். தலைக்கு மேலே வெயிலும் ஆட்டோக்காரருடன் வாக்குவாதமும் இன்றி, சாலையில் கால் வைக்காமல், ஒருவர் எழும்பூரிலிருந்து சென்ட்ரல் வருவதற்கு அவ்வளவு காலம் ஆயிற்று. பூமிக்கு அடியில் மாளிகை கட்டியிருக்கிறார்கள் என்று முதன்முறை சென்ற நாளில் வியந்தேன். மின்தூக்கி உண்டு, கழிவறை உண்டு, தரை வழுவழுப்பாக உள்ளது, முதியோர் கருதிப் பார்த்தால் சிறிது மிகையான வழுவழுப்பு. 2022-இல் நிலையத்தின் முன்புறமும் சீர்செய்யப்பட்டு, சென்ட்ரல் சதுக்கம் என்ற திறந்தவெளியும் நிலத்தடியில் வாகனம் நிறுத்துமிடமும் அமைந்தன. செய்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆயினும் குறை ஒன்று உண்டு. சாலையின் கீழே புறநகர் இரயில்வே, மெட்ரோ, மாநகராட்சி எனத் தனித்தனி நிருவாகங்கள். தனித்தனி நுழைவாயில், தனித்தனிச் சீட்டு, தனித்தனிப் பலகை. ஒரு நிருவாகத்தின் எல்லை முடியும் இடத்தில் அதன் அம்புக்குறியும் முடிந்துவிடுகிறது. மெட்ரோ பலகை மெட்ரோவைக் காட்டும். இரயில்வே பலகை நடைமேடையைக் காட்டும். 2025 செப்டம்பரில் பேருந்து, புறநகர் வண்டி, மெட்ரோ மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்கக் கைப்பேசிச் செயலி ஒன்றை அரசு வெளியிட்டது. நல்ல முயற்சி. என் பேரன் நொடியில் எடுத்துவிடுகிறான். துணிப்பையில் மருந்துச் சீட்டோடு வருபவர் பலரிடம் அத்தகைய கைப்பேசி இல்லை. இருந்தாலும் அது உடன் வந்த பிள்ளையின் கையில் இருக்கும், பிள்ளையோ மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருப்பான். ஆகவே சன்னலில் காசு கொடுத்து வாங்கத்தக்க ஒரு சாதாரணக் காகிதச் சீட்டும் அவ்வாறே ஒன்றாக வேண்டும். அதில் பெரிய பொறியியல் எதுவும் இல்லை. மூன்று அலுவலகங்கள் ஒரு மேசையில் அமர்ந்து கணக்கைப் பங்கிட்டுக்கொள்ளுதலே வேண்டுவது.

மற்றொரு செய்தி. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை அமைப்பதற்காக, 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் இரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. பாதை வேண்டியதுதான், வேலை நடக்க வண்டி நிற்கத்தான் வேண்டும். அந்தப் பதினான்கு மாதங்களும் வேளச்சேரியிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி எஞ்சிய வழிக்கு வேறு வண்டி தேடினர். நாள், நேரம், மாற்றுப் பேருந்து ஆகியவை செய்தித்தாளில் வந்தன. செய்தித்தாள் படிப்பவர் யார், வெளிநோயாளர் வரிசையில் நிற்பவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வறிவிப்பை மருத்துவமனைச் சீட்டு வழங்கும் சன்னல் அருகே ஒட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

மெட்ரோ திறந்தபின் மீண்டும் ஒருமுறை நான் தனியே சென்று, எங்கள் பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வழியை நடந்து பார்த்தேன். சிவப்பு மை குறைந்துள்ளது. மின்தூக்கி இருக்கும் இடத்தை அறிந்தவர்க்கு வெகுவாகவே குறைந்துள்ளது. அறியாதவர்க்குப் பழைய படிகள்தான். ஆகவே, அடுத்து நோயாளியை அழைத்துக்கொண்டு அவ்வழியே வரவிருக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். புறநகர் வண்டியை விட்டு இறங்கியதும் கூட்டத்தோடு ஓடாதீர்கள். கூட்டம் தணியட்டும், நோயாளியை ஓரிடத்தில் அமர்த்துங்கள். மெட்ரோ நிலையத்துக்குச் சாலையின் இருபுறத்தும் வாயில்கள் உண்டு. மெட்ரோவில் செல்லாவிடினும், மின்தூக்கியின் வழி எது என்று காவலரிடம் கேட்டு, அதன் வழியே இறங்கி மறுகரையில் ஏறுங்கள். சுற்றுவழியாயினும் அதுவே எளிய வழி.

கேட்பதற்குக் காவலர் இல்லாத வேளைகளில் வேறு துணையும் அங்கே உண்டு. நான் சென்ற அன்று சூலூர்ப்பேட்டை வண்டியில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, பலகைகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருந்தது, தெலுங்கில் இல்லை. ‘பெத்தாசுபத்திரி எக்கட?’ என்று யாரையும் நோக்காமல் பொதுவாகக் கேட்டார். வாசலோரம் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மையார் தலை நிமிராமலே, அரைத்தமிழும் அரைத்தெலுங்குமாக, லிப்ட் எந்தப் பக்கம், அதில் எந்தப் பொத்தான், மேலே வந்தபின் இடமா வலமா, சீட்டு வாங்கும் சன்னல் எத்தனை மணிக்கு மூடும் என்பது வரை சொல்லி முடித்தார். பின்னர் நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த முழத்தைத் தொடுக்கலானார்.